பரணில் கிடக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி: என்ன விலை பெறும்?

பேர்லி பிளேஸில் ஊருக்கு டிக்கெட் ரிசர்வ் செய்துவிட்டு, லால்திகிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு எஸ்பிளனேடு பக்கம் நடக்கும் தமிழர்கள் வழியில் துப்பாக்கிக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். இன்று பினய்-பாதல்-தினேஷ் பாக் எனப்படும் பழைய டல்ஹௌசி சதுக்கமும் அதை ஒட்டிய தெருக்களும் இருநூறு ஆண்டுகளாகக் கொல்கத்தாவின் துப்பாக்கி வியாபாரம் நடக்கும் இடம். இந்தக் கடைகளுக்குப் பெரும்பாலும் வருகிறவர்கள் வங்கிக் காவலர்களும், லைசென்ஸ் புதுப்பிக்கும் பெரியவர்களும்தான். இவர்களைத் தவிர இன்னொரு வகையினரும் உண்டு. தாத்தாவோ மாமனாரோ விட்டுச் சென்ற ஒரு பழைய துப்பாக்கியின் லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, “இது என்ன விலை போகும்?” என்று கேட்க வருகிறவர்கள்.

இந்தக் கேள்வி நம்மவர் வீடுகளிலும் எழுவதுண்டு. தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்தவர், வனத்துறையிலும் ரயில்வேயிலும் காட்டுப் பகுதிகளில் வேலை பார்த்தவர், ஊரில் நிலபுலம் வைத்திருந்தவர் என்று பலர் அக்காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அவர் காலமான பிறகு பிள்ளைகளுக்கு அதைப் பற்றி இரண்டு எண்ணங்கள் இருக்கும். ஒன்று, “நூறு வருஷத்துச் சாமான், இங்கிலீஷ் சாமான், லட்சக்கணக்கில் போகும்” என்ற ஆசை. மற்றது, “ஏன் வம்பு, யாராவது எடுத்துக்கொண்டு போனால் சரி” என்ற பயம். இரண்டுமே நஷ்டத்தில்தான் கொண்டுபோய் விடும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். துப்பாக்கிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதன் விலையைத் தீர்மானிப்பது வயது அல்ல. செய்தவர் யார், செய்தபடியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, சட்டப்படி அதை வாங்கக்கூடியவர் எத்தனை பேர் என்ற மூன்றும்தான். கொல்கத்தாவில் மூன்றாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

பட்டையில் உள்ள பெயர்

இரண்டு குழல்களையும் இணைத்து மேலே ஓடும் பட்டையில் ஒரு பெயரும் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். மதிப்புப் போடுகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தப் பட்டையைக் குழல்களுக்கு மேலே உயர்த்தி வைக்கும் முறைக்கே 1806ல் காப்புரிமை வாங்கியவர் லண்டன் ஜோசப் மேண்டன். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பர்டி போன்றவர்கள் அவர் பட்டறையில் தொழில் பார்த்தவர்கள். அவ்வளவு கெட்டிக்காரர் கடைசியில் திவாலாகி 1835ல் இறந்தார் என்பது வேறு கதை. அவர் குடும்பத்தைச் சேர்ந்த பிரடெரிக் மேண்டன் 1825ல் கல்கத்தாவில் கடை போட்டார். “மேண்டன் அண்டு கம்பெனி, 13, ஓல்டு கோர்ட் ஹவுஸ் தெரு” என்ற முகவரி இந்தியா முழுவதும் பழந்துப்பாக்கிகளில் காணப்படுகிறது. அந்தத் தெருதான் இப்போது ஹேமந்த பாசு சரணி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கல்கத்தா மேண்டன் பெயர் உள்ள துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் மற்றவர்கள் செய்து, இங்கே பெயர் பொறித்து விற்கப்பட்டவை. ஜவுளிக்கடைக்காரர் தம் கடைப் பெயரைப் புடவையில் ஒட்டி விற்பது போலத்தான். சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர். அண்டு சன்ஸ் என்றால் நமக்குக் கடிகாரம்தான் நினைவுக்கு வரும். அவர்கள் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. சென்னை ஓக்ஸ் கம்பெனி பெயரிலும் உண்டு. ஆகவே பட்டையில் உள்ள பெயர் விற்றவர் பெயரா, செய்தவர் பெயரா என்று பிரித்தறிய வேண்டும். ஜோசப் மேண்டன் தம் பட்டறையில் செய்த சக்கிமுக்கி இரட்டைக் குழல் லண்டன் ஏலத்தில் பெறும் விலையும், அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் மேண்டன் பெயரில் விற்ற தோட்டாத் துப்பாக்கி பெறும் விலையும் ஒன்றல்ல. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

‘டா’ என்ற பெயர் இதைவிடக் குழப்பமானது. லண்டனில் ஜார்ஜ் டா என்பவர் இருந்தார். அடிப்பாகத்தின் நடுவில் வெடிக்கும் தோட்டாவையும் அதற்கேற்ற துப்பாக்கியையும் 1861ல் இங்கிலாந்தில் பரப்பியவர் அவர். கொல்கத்தாவிலோ நரசிங்க சந்திர தாம் என்ற வங்காளி வியாபாரியின் கடை 1835ல் தொடங்கியது. அவர்களும் ஆங்கிலத்தில் தம் பெயரை ‘டா’ என்றே எழுதினார்கள். ஜோராசாங்கோவில் அவர்கள் குடும்ப வீட்டைத் துப்பாக்கிக்காரர் வீடு என்ற பொருளில் ‘பந்துக்வாலா பாடி’ என்றே ஊரார் அழைக்கிறார்கள். அங்கே துர்க்கா பூஜையில் சந்தி பூஜை நேரத்தில் சிறு பீரங்கி வெடிக்கும் வழக்கம் பிரசித்தம். இரண்டு டாவுக்கும் உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. விலையிலும் வித்தியாசம் உண்டு.

ராடா கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வெல்லெஸ்லி பிளேஸ் முகவரியோடு அந்தப் பெயர் பல வேட்டைத் துப்பாக்கிகளில் இருக்கிறது. வங்காளிக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததும் 1914 ஆகஸ்ட் 26ம் தேதி நினைவுக்கு வரும். சுங்க அலுவலகத்திலிருந்து ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளில் 10 பெட்டிகள் மாட்டு வண்டியோடு மாயமாயின. உள்ளே 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும். கம்பெனியில் வேலை பார்த்த ஸ்ரீசந்திர மித்ராவே சரக்கை விடுவித்து வந்து புரட்சிக்காரர்களிடம் சேர்ப்பித்தார். அந்த மௌசர்கள் பாகா ஜதீன் கைக்கும் போய், 1915 செப்டம்பரில் பாலேஸ்வர் சண்டையில் முழங்கின. ஆனால் உங்கள் வீட்டு ராடா பறவை சுடும் துப்பாக்கி என்றால், இந்தச் சரித்திரத்துக்காக ஒரு தம்படி கூடாது.

சரித்திரம் காசாக வேண்டுமானால் அது அந்த ஒரு துப்பாக்கியின் சரித்திரமாக இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். ஜிம் கார்பெட்டின் ரிக்பி ரைபிள் இதற்கு நல்ல உதாரணம். லண்டன் ரிக்பி கம்பெனியின் கணக்குப்படி 1905ல் கல்கத்தா மேண்டனுக்கு விற்கப்பட்டது. 1907ல் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹீவெட் அதைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். விவரம் வெள்ளித் தகட்டில் பொறித்துக் கட்டையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. கணக்குப் புத்தகம், தகடு, எண் மூன்றும் ஒத்துப் போகின்றன. “எங்கள் தாத்தா கவர்னரோடு வேட்டைக்குப் போனார்” என்று வாயால் சொல்வதற்கு வியாபாரத்தில் மதிப்பில்லை. பழைய ரசீது, கம்பெனிக் கடிதம், லேபிள் ஒட்டிய தோல் பெட்டி இவை இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டியும் சாமான்களும் அசலாக இருப்பது விலையைக் கணிசமாகக் கூட்டும்.

குழலின் அடியில் உள்ள ஜாதகம்

மேலே உள்ள பெயரை யாரும் பொறிக்கலாம். பெல்ஜியத்து லீஜ் நகரில் ஒரு காலத்தில் மலிவாகத் துப்பாக்கி செய்து, பிரபல இங்கிலீஷ்காரர் பெயரை ஓரெழுத்து மாற்றியோ மாற்றாமலோ பொறித்து உலகெங்கும் அனுப்பினார்கள். மேண்டன் பெயரும் அதற்குத் தப்பவில்லை. நமக்குப் பக்கத்திலேயே பிகாரில் மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன முங்கேர் இருக்கிறது. அங்குள்ள கைவினைஞர்களுக்கு இங்கிலீஷ் அமைப்பைப் பார்த்து அப்படியே செய்யும் திறமை உண்டு.

ஆகவே தெரிந்தவர்கள் குழலைக் கழற்றித் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் சோதனைச் சாலை முத்திரைகள் இருக்கும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637லேயே அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813ல் சட்டப்படி ஏற்பட்டது. விற்குமுன் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து கிட்டித்து வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். லீஜ் சரக்கில் முட்டை வடிவ வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்துக்கள் இருக்கும். மேலே லண்டன் பெயர், கீழே லீஜ் முத்திரை என்றால் கதை அங்கேயே முடிந்தது.

இந்த முத்திரைகளே வயதையும் சொல்லும். ‘குண்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் குத்தியிருந்தால், அது 1875க்கும் 1887க்கும் இடையில் சோதிக்கப்பட்ட, வாய் குறுகிய குழல். புகையில்லா மருந்துக்கான நைட்ரோ சோதனை 1896ல் வந்தது. அந்த முத்திரை இல்லாத பழைய குழல் கரிமருந்துக்கென்று செய்யப்பட்டது. இன்றைய தோட்டாவை அதில் போட்டு வெடிப்பது உயிரோடு விளையாடுவது.

பன்னிரண்டு போர் என்கிறோமே, அதன் அர்த்தம் பலருக்குத் தெரியாது. ஒரு ராத்தல் ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் புகும். உள்விட்டம் ஏறக்குறைய 0.729 அங்குலம். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்; 20 போர் 12ஐவிடச் சிறியது. விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நம் நாட்டில் கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலைச் சரக்காக எளிதில் கிடைப்பது 12 போர் தோட்டாதான். பெரிய துரைமார் வாத்து சுட வைத்திருந்த 8 போர், 10 போர் துப்பாக்கிகளுக்கும், சின்ன 28 போருக்கும் இங்கே தோட்டா தேடி அலைய வேண்டும். லண்டனில் அபூர்வம் என்று கூடுதல் விலை பெறும் சாமான் லால்பஜார் பக்கத்தில் அதே காரணத்தால் விலை போகாமல் நிற்கும்.

அடுத்து டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் ஆன கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, தண்டின்மேல் சுருட்டி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல் அது. மேலே பாம்புத் தோல் போல வரி வரியாக அழகு தெரியும். டமாஸ்கஸ் வாள் என்றதும் நம் தென்னாட்டு உருக்கு கடல் கடந்து போன பெருமை நினைவுக்கு வரும்; இந்தக் குழல் அந்த உருக்கு அல்ல, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அழகு கருதிச் சேகரிப்போர் விரும்புவார்கள். ஆனால் சுடுவதற்கு வாங்குகிறவர் டமாஸ்கஸ் என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். சாதாரணக் குழலில் அந்த வரிகளை மேற்பூச்சாக ஏற்றிய போலிகளும் உண்டு.

விசைக்கு மேலுள்ள அமைப்பும் கவனிக்கத் தக்கது. பழையவற்றில் இரண்டு குதிரைகளும் வெளியே காது போல நிற்கும். 1875ல் ஆன்சன், டீலி என்ற இருவர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனிக்காகக் குதிரையை உள்ளே மறைத்த எளிய அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பாக்ஸ்லாக். பக்கத் தகட்டில் நுண்ணிய வேலையோடு வருவது சைடுலாக். பர்டி, ஹாலண்டு போன்றவர்களின் உயர்ந்த சரக்கு இந்த வகை. சுட்டதும் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே எறியும் எஜெக்டர் இருந்தால் ஒரு படி மேல். இன்றைக்குப் புதிய பர்டி ஒன்று இங்கிலாந்தில் ஒரு லட்சம் பவுனுக்கு மேல். ஆனால் அதே நாட்டில், பெயர் தெரியாத பர்மிங்ஹாம்காரர் செய்த எஜெக்டர் இல்லாத பாக்ஸ்லாக் ஏலத்தில் சில நூறு பவுனுக்குப் போகிறது. இங்கிலீஷ் சாமான் என்ற ஒன்றே விலையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

துடைத்துக் கெடுத்த கதை

நல்ல பெயர், நல்ல முத்திரை இருந்தும் விலை கெடுவது நம் கைவேலையால். ஹூக்ளிக் கரையின் ஈரக்காற்றில் இரும்பு ஆறு மாதத்தில் செம்புள்ளி போடும். விற்கப் போகிறோமே என்று வீட்டார் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து, பித்தளைப் பாலிஷ் போட்டு, கட்டைக்கு நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷ் அடித்துக் கொண்டுவருவார்கள். இதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. செதுக்கு வேலையின் கூர் மழுங்கிவிடும். பட்டையில் உள்ள எழுத்து தேய்ந்துவிடும். தொழிற்சாலையில் ஏற்றிய பழுப்பு நிறமும் தகட்டின் வண்ணத் தீற்றலும் போய்விடும். பழைய செப்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது போன்றதல்ல இது. அழுக்கோடு அசலாக இருப்பதற்குத்தான் மதிப்பு.

கடைக்காரர் பார்க்கும் பார்வையே தனி. முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார். இது அவர் வேலை. வீட்டில் யாரும் செய்யக்கூடாது. பல ஆண்டு பரணில் கிடந்ததில் தோட்டா இருந்து விபத்தானால் யாரை நோவது? பிறகு முன்கட்டையைக் கழற்றி மெல்ல ஆட்டிப் பார்ப்பார். குழலும் உடலும் சேரும் இடம் கடகடத்தால் அதிகம் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கி. மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளியில் ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார். குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரலால் சுண்டுவார். கோயில் மணி போல நாதம் நீண்டால் பட்டையின் பற்றவைப்பு கெட்டி. உடைந்த சட்டி போல ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் புகுந்திருக்கும்.

குழலுக்குள் அரிப்புக் குழிகள் இருந்தால் கடைந்து நீக்கலாம். ஆனால் கடையக் கடையச் சுவர் மெலியும். மெல்லிய இடத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்காவது கனம் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குக் கீழே போனால் பெயர் எதுவானாலும் சுவரில் மாட்டத்தான். தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு இரண்டரை அங்குலம். பிற்காலத் தோட்டாக்கள் பல இரண்டேமுக்கால் அங்குலம். நீளத் தோட்டா உள்ளே போகத்தான் போகும். வெடித்து வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். யாரோ ஒரு மிஸ்திரி அறையை நீட்டிக் கடைந்திருந்தால் அதுவும் விலையைக் குறைக்கும். குழல் நுனியை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கரையானும் சும்மா இருப்பதில்லை. வால்நட் கட்டையின் கழுத்தில் விரிசல் விட்டு, பித்தளைக் கம்பி சுற்றி வைத்திருப்பதை நிறையக் காணலாம்.

வாங்குவது யார்?

இத்தனையும் தேறி, நல்ல சாமான் என்று முடிவானாலும் விலை உடனே கிடைத்துவிடாது. ரஸ்ஸல் தெரு ஏலக்கடையில் பழைய பீரோவும் தொங்குவிளக்கும் கேட்பதுபோல யாரும் கை உயர்த்தி வாங்க முடியாத சாமான் இது. லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்கலாம். அதுவும் அவர் கணக்கில் இடம் இருந்தால்.

1983 திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. மூன்றாவதை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றது. விற்க வருவோர் ஒரே சமயத்தில் பெருக, வாங்குவோரிடம் இடம் குறைந்தது. விலைக்கு என்ன ஆகும் என்று சந்தைக்குப் போகிற எவருக்கும் புரியும். அதற்கு முன்பே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்ற தேவை போய்விட்டது. அது நல்லதற்கே. ஆனால் வேட்டைக்காரர் போனபின் மிஞ்சிய வாடிக்கைக்காரர்களில் முக்கியமானவர் வங்கி வாசலில் நிற்கும் காவலர். அவருக்குச் செதுக்குப் பூவும் வேண்டாம், லண்டன் பெயரும் வேண்டாம். அடித்தால் வெடிக்க வேண்டும், அவ்வளவே. முங்கேரிலும் ஜம்முவிலும் செய்த இந்திய இரட்டைக் குழல் அவருக்குப் போதும். ஆகவே சாதாரணமான பழைய துப்பாக்கிக்கு இந்தியச் சரக்கின் விலையே உச்சவரம்பு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு ஏறக்குறைய அடைபட்டுப் போயிற்று. உள்ளே இருந்தவை மட்டுமே சுற்றி வருகின்றன. அதனால் வெப்லி ஸ்காட், கிரீனர், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நல்ல பெயர், எஃகுக் குழல், நைட்ரோ முத்திரை, இறுக்கமான நிலை என்று எல்லாம் கூடியிருந்தால், இங்கிலாந்தில் கிடைப்பதைவிட இங்கே பல மடங்கு பெறும். லட்சங்களில் பேசுவதும் உண்டு. ஆனால் மிக உயர்ந்த லண்டன் சரக்குக்கு நிலை மாறுகிறது. அதற்குரிய பணக்காரச் சேகரிப்போர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கிருந்து அனுப்ப வழியில்லை. நூறாண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆயுதச் சட்டம் வேறு. லண்டன் ஏலப் பட்டியலைக் காட்டிக் கொல்கத்தாவில் விலை கேட்பது, துபாய்த் தங்க விலையைச் சொல்லி வெள்ளிக் கொலுசு விற்பது போலாகும்.

ஆக, ஒரே துப்பாக்கிக்கு மூன்று விலை சொல்லலாம். லைசென்ஸ் உள்ள ஆள் நேரே வாங்கினால் ஒன்று. வியாபாரி தாம் வாங்கி, பெட்டியில் பல மாதம் வைத்து, ஆள் தேடி விற்பதாக இருந்தால் அதைவிட நன்றாகக் குறைந்த ஒன்று. வாரிசிடம் காகிதமே இல்லை என்றால் விலை பூஜ்யம். சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே, வழக்குச் செலவு.

காகிதம்தான் பாதி விலை

லைசென்ஸ் புத்தகத்தில் பெரும்பாலும் ‘12 போர் டி.பி.பி.எல்.’ என்று மட்டும் எழுதியிருக்கும். பின்புறம் தோட்டா போடும் இரட்டைக் குழல் என்பதன் சுருக்கம் அது. மேண்டனா, முங்கேரா என்று அதிலிருந்து தெரியாது. அதை நம்பி விலை கேட்கவும் கூடாது, பேசவும் கூடாது.

லைசென்ஸ்தாரர் இறந்தால் அந்த லைசென்ஸ் குடும்பத்தாரைக் காப்பாற்றாது. ஆயுதச் சட்டத்தின் 21வது பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை போன ஆயுதத்தைத் தாமதமின்றி போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டால் பொருள் இன்னும் குடும்பத்துடையதே. வாரிசு தம் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். 2016 விதிகளில் வாரிசுக்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. லைசென்ஸ்தாரர் 70 வயது கடந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே மாற்ற மனுப் போடலாம். பலரும் அறியாத வசதி இது. தாத்தா இருக்கும்போதே செய்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். கொல்கத்தா மாநகரப் போலீஸ் எல்லைக்குள் இதற்கெல்லாம் லைசென்ஸ் அதிகாரி போலீஸ் கமிஷனர். போகவேண்டிய இடம் லால்பஜார். எல்லைக்கு வெளியே மாவட்ட மாஜிஸ்திரேட்.

“பழங்காலத்துப் பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?” என்று சிலர் வாதிப்பார்கள். பழம்பொருள் மதிப்புள்ளதோ பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்குத்தான் 45வது பிரிவு விலக்குத் தருகிறது. 2020 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, ‘க்யூரியோ’ என்ற வகையில் வரும் பழந்துப்பாக்கிகளைக் குடிமக்கள் லைசென்ஸ் இன்றி வைத்திருக்கலாம் என்றார்கள். ஆனால் எடுத்துச் செல்லவும் சுடவும் லைசென்ஸ் வேண்டும். நம் வீட்டுத் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை நாமே தீர்மானித்துக்கொண்டு டாக்சியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினால் நேரே ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டியிருக்கும். மனு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

விற்பதாக முடிவு செய்தால் வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் அறிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கை மாற வேண்டும். அவசரப்படுத்துகிறவரிடம் விற்காதீர்கள். அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு கடைகளில் மதிப்புக் கேட்டுவைத்துக்கொள்ளலாம். முத்திரைகள், பட்டை எழுத்து, எண் இவற்றைத் தெளிவாகப் படம் எடுத்து, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்டு, பர்டி போன்ற கம்பெனிகளுக்கு எழுதினால் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து விவரம் தருவதுண்டு. அந்தக் கடிதம் ஒன்றே விலையை ஏற்றிவிடும்.

ஒப்படைத்துவிட்டு மறந்துபோகும் குடும்பங்களும் இருக்கின்றன. கடையில் பாதுகாப்புக்கு மாத வாடகை உண்டு. தேர்தல் சமயத்தில் ஒப்படைத்து, பிறகு எடுக்கவே வராமல் நின்றுவிட்டவையும் சேர்ந்து, ஒவ்வொரு பழைய கடையின் உள்ளறையிலும் சீட்டுக் கட்டிய துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். வாடகைப் பாக்கி ஏறி ஏறிப் பொருளின் விலையைத் தொட்டுவிடும். போலீஸ் மால்கானாவில் என்றால் வாடகை இல்லை; ஆனால் எண்ணெய் போடவும் ஆளில்லை. குறித்த காலத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்குப் பறிமுதலாகும்.

கடைசியாக ஒரு கணக்குப்பிள்ளை விஷயம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கியில் ஒரே எண் மட்டும் இருக்காது. துப்பாக்கியின் வரிசை எண் ஒருபுறம், காப்புரிமை உபயோக எண் ஒருபுறம், அளவைக் குறிக்கும் எண் இன்னொருபுறம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் லைசென்ஸ் எழுதிய குமாஸ்தா கண்ணில் முதலில் பட்ட எண்ணைப் பதிந்திருக்கவும் கூடும். வாங்குபவர் வந்து, விலையும் படிந்து, கடைசி நாளில் புத்தக எண்ணும் இரும்பு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் எல்லாம் நின்றுவிடும். குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா, அதுவே புத்தகத்திலும் இருக்கிறதா என்று ஒப்படைக்கும் அன்றைக்கே வியாபாரியை வைத்துப் பார்த்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தவறிருந்தால் திருத்தத்துக்கு அன்றே லால்பஜாரில் மனுக் கொடுக்கலாம்.